பாஸ்கல் சோற்றை விட்ட பத்து நாள்

ஆசிரியர்களுக்கான வாலிபால் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தபோது, கணக்கு வாத்தியார் பாஸ்கல் சோற்றை விட்டுவிட்டார். இட்லி, வாழைப்பழம்கூடக் கிடையாது. மாவுச்சத்து அத்தனையும் தொப்பையாகிவிடும் என்று செல்போனில் யாரோ பேசியதை நம்பிவிட்டார். காலையில் ஆறு முட்டை, மதியம் கோழி, மாலையில் புரோட்டீன் பவுடர்.

அதே பள்ளியில் தமிழ் நடத்தும் மனைவி ரீனாவுக்கு வேறு பயம். "இம்புட்டு புரோட்டீன் தின்னா கிட்னி போயிரும்ங்க" என்று புலம்பினாள். அந்தப் பயத்தில் முட்டையையும் பருப்பையும் தானே நிறுத்திக்கொண்டாள்.

பத்தாம் நாள் பேகம்பூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில் பயிற்சி. பந்தை அடிக்க எம்பிய பாஸ்கலுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உடன் ஆடிய இனிகோ அவரை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ரீனாவும் ஓடிவந்தாள்.

பயப்பட ஒன்றுமில்லை என்ற டாக்டர், உணவு ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார். பார்த்தால், ரீனாவோடு கல்லூரியில் படித்த சகாயசெல்வி!

"நல்லா நாலு கேளுடி இவர" என்றாள் ரீனா.

சகாயசெல்வி எல்லாவற்றையும் விசாரித்தாள். "ஓடியாடுறதுக்குத் தெம்பே மாவுச்சத்துலதாண்ணே வருது. அத மொத்தமா நிறுத்திட்டுக் குதிச்சா எப்படி? தொப்பை சோத்தால மட்டும் வர்றதில்ல. தேவைக்கு மேல கோழியத் தின்னாலும் வரும்."

ரீனா சிரித்தாள்.

"சிரிக்காத. கிட்னி நல்லா இருக்கறவங்களுக்கு முட்டையும் பருப்பும் ஒண்ணும் பண்ணாது. ஏற்கெனவே கோளாறு இருக்கறவங்கதான் டாக்டரக் கேட்டு அளவாத் திங்கணும். நீ மத்தியானம் என்ன சாப்ட்ட?"

"சோறு, ரசம்."

"தொட்டுக்க வெஞ்சனம்?"

"அப்பளம்" என்றாள் ரீனா மெதுவாக.

இப்போது பாஸ்கல் சிரித்தார். அடக்க முடியாமல் ரீனாவும் சேர்ந்துகொண்டாள்.

"ரெண்டு பேரும் ஆளுக்கு அரைத் தட்டு சாப்பாட்டத்தான் தின்னுருக்கீங்க" என்றாள் சகாயசெல்வி.

அன்று முதல் வீட்டில் ஒரே சமையல். சோறு கொஞ்சம் குறைந்தது. கீரை, தட்டப்பயறு, தயிர் கூடின. சில நாள் முட்டை, சில நாள் மீன்.

போட்டியன்று காலை பாஸ்கல் நாலு இட்லியும் சாம்பாரும் சாப்பிட்டுவிட்டுப் போனார். மூன்று ஆட்டம் சளைக்காமல் ஆடினார். அரையிறுதியில் வடமதுரை அணியிடம் தோற்றார்கள். கடைசிப் பந்தை வலையில் அடித்தவரே அவர்தான்.

"நீங்க கொஞ்சம் பின்னால நின்னு அடிச்சிருக்கணும்" என்றாள் ரீனா.

"அப்ப நீ வந்து ஆடு."

"ஆடுறேன். காலேஜ் டீம்ல நாந்தான் கேப்டன், தெரியும்ல?"

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தார். அவளோ நேரே போட்டி நடத்துகிறவரிடம் போய், அடுத்த வருடம் பெண்களுக்கும் ஆட்டம் வைக்கச் சொல்லி முதல் பெயராகத் தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.