துளசிங்கம் வீட்டுக் கூடத்து ஏரி

திருத்தணியில் சனங்கள் குடத்தோடு அலைந்த ஒரு சித்திரை மாதத்தில், துளசிங்கம் புதிதாகக் கட்டிய வீட்டின் கூடத்தில் டைல்ஸ் பிளக்காமலே தண்ணீர் ஊறிப் பாசி படர்ந்தது. ஏரியில் பாதியைக் கட்டட இடிபாடு கொட்டித் தூர்த்து எழுப்பிய வீடு அது. சளிபோல இழுபட்ட அந்தப் பாசியை முதலில் மிதித்தவள் அவன் மனைவி தேவயானி. விரல் இடுக்கில் அது நெளிந்ததும் வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். துளசிங்கம் கக்கூஸ் கழுவும் ஆசிட்டைக் கேன் கேனாக ஊற்றினான். பாசி செத்தது. மறுநாள் இன்னும் தடிப்பாக, அழுகின முட்டை நாற்றத்தோடு வந்தது.

கார்த்திகையில் அவன் லாரியோடு வெளியூர் போக, அவள் பள்ளிப்பட்டில் தாய் வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது பாசியைக் காணோம். அதைத் தின்று நத்தை பெருகி, தவளைகள் குடியேறி, சோபாவைச் சுற்றிச் சம்பங்கோரை இடுப்பளவு நின்றது. நாற்றம் பாதிதான் இருந்தது. பாதத்தில் தவளை தாவி ஏறியதில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் சேறு இறுகி வருவதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அன்று சாயங்காலமே ஊர் திரும்பிய துளசிங்கம் ஆசிட் ஊற்றினான். வயிறு மல்லாந்து கிடந்த தவளைகளைப் பக்கெட்டில் அள்ளியவள் அவள்தான். விடிந்தால் மறுபடி பாசி.

வருடங்கள் இப்படியே போயின. கோரை வரும், ஆசிட் வரும், பாசி வரும். சோற்றைப் பிசைந்தால் தேவயானிக்கு விரலில் பாசி வாடை அடித்தது; தயிரைப் பார்த்தாலே குமட்டியது. எலும்பும் தோலுமானாள். உறவுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு திரும்பினார்கள்.

ஒருநாள் அவன் புதுக் கேனோடு வந்தபோது அவள் குறுக்கே நின்றாள்.

"பாவா, ஊத்தாதீங்க. நீங்க ஊத்த ஊத்த அது முதல்லருந்து ஆரம்பிக்குது. உட்டா தானா வளந்து அதைத் தாண்டிப் போயிடும்."

"ஏரியையே தூத்தவன் நான். எனக்கே புத்தி சொல்லிகினு இருக்கியா? இந்த வூட்ல நானா அந்தப் பாசியா, நீயே சொல்லு."

"பாசி தானா போயிடும் பாவா. நீங்கதான் போவ மாட்டீங்க."

சொன்ன பிறகுதான் இத்தனை நாளும் தனக்கு யாரைப் பார்த்துக் குமட்டியது என்று அவளுக்கே தெரிந்தது. அவள் முகத்தில் அதைப் பார்த்த துளசிங்கம் கேனை அங்கேயே வைத்துவிட்டு லாரி ஷெட்டில் போய்ப் படுத்தான். பிறகு வரவில்லை.

தேவயானி எதையும் தொடவில்லை. கோரை வளர்ந்து மடிந்தது, மடிந்தது மண்ணானது, மண் மேடேறத் தண்ணீர் வற்றி, கோரைக்கே அங்கே பிழைப்பில்லாமல் போனது. தவளைகள் ஒரு மழைநாளில் வரிசையாகப் படியிறங்கிப் போயின. அருகம்புல் வந்தது, கருவேலம் வந்தது. கருவேல நிழலில் முளைத்த மருதம் அதையே நிழலில் தள்ளிக் கருக்கிவிட்டு, மேல்தளத்தைத் துளைத்து மேலே போனது. தவளை தின்ன வந்த கொக்கு இருந்த இடத்துக்கு மைனா வந்தது, அப்புறம் பழந்தின்னி வௌவால். அதன் எச்சமும் நாறத்தான் செய்தது. முந்தானையால் மூக்கை மூடி வைதுகொண்டே பெருக்கினாள். ஆனால் சோறு இறங்கியது.

போன மாசியில் கரண்ட் கணக்கெடுக்க வந்த ராஜவேலு கூடத்துக்குள் குனிந்து நுழைந்தார்.

"மீட்டர் எங்கம்மா?"

"மருதத்துக்குப் பின்னாலங்க. பாத்து, எச்சத்த மிதிச்சிடாதீங்க."

"ஆங்" என்று அவர் கிளையை ஒதுக்கி, கணக்கைக் குறித்துக்கொண்டு, சட்டையை உதறிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.