ஆறரை மணி வருகைப் பதிவு

எங்கள் அண்ணன் பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருடம் டைம்கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது என்று எழுதி எழுதியே ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற மனிதர் செடி வளர்க்கலாம், பேப்பர் படிக்கலாம். இவர் குடும்பத்தை வளர்க்கக் கிளம்பினார்.

அதற்குக் காரணம் ஒரு சண்டை. மார்க்கெட் வாசலில் வண்டி நிறுத்துகிற தகராறில் இரண்டு பேர் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் பெரியப்பாவின் பேரன், மற்றவன் அத்தையின் மகன். இருவருக்கும் அது தெரியாது. சமாதானம் பேச வரச்சொல்லி இரண்டு பேருமே போன் போட்டது அண்ணனுக்கு. போய்ப் பார்த்தவர் இடிந்துபோனார். சொந்தக்காரனையே அடையாளம் தெரியாமல் அடிக்கிற குடும்பம் இன்னும் எத்தனை தலைமுறைக்கு நிற்கும் என்று என்னிடம் ஒரு மணி நேரம் புலம்பினார். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஏதாவது செய்யுங்களேன் என்று சொல்லித் தொலைத்தேன்.

செய்தார். எங்கள் சொந்தத்தில் இருக்கிற பதினான்கு வீடுகளையும் சேர்த்து போனில் ஒரு குரூப் ஆரம்பித்தார். தினமும் காலை ஆறரை மணிக்கு வீட்டுக்கு ஒருவர் ‘உள்ளேன்’ என்று எழுத வேண்டும். எழுதாதவர்களுக்கு ஏழு மணிக்கு அண்ணனிடமிருந்து போன் வரும். எடுக்காவிட்டால், பக்கத்தில் இருக்கிற சொந்தக்காரர் நேரில் போய்க் கதவைத் தட்ட வேண்டும். வந்த பதிலையெல்லாம் தலையணை கனத்துக்கு ஒரு ரிஜிஸ்டர் வாங்கி சிவப்பு மையில் ஏற்றினார். கொள்ளுப் பேரன் ஒருநாள் புரட்டிப் பார்ப்பானாம். ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நான் கண் விழித்திருந்தேன் என்று தெரிந்துகொண்டு அந்தப் பிள்ளை என்ன செய்யப்போகிறது என்று கேட்டேன். காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

நான் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறவள். ஆறு மணிக்கே வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். பசியில் இருக்கிறவர்களின் கோபம் எப்படிப்பட்டது என்று என்னைக் கேட்டால் சொல்வேன். ஆறரைக்கு என் இரண்டு கையிலும் கையுறை இருக்கும், எதிரே ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டியிருப்பார். இந்த அழகில் எங்கே உள்ளேன் போடுவது? ஏழு மணிக்கு போன் அலறும். நரம்பு கிடைக்காமல் தடவிக்கொண்டிருக்கும்போது அலறும். நாலு மாதம் பொறுத்தேன். பிறகு போன் கடைக்காரரிடம் கேட்டு, தினமும் ஆறரைக்குத் தானாகவே ‘உள்ளேன்’ அனுப்புகிற ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, சொல்லி மாளாது.

என் தங்கைக்கும் அதே தொல்லைதான். புருஷன் போனபிறகு மூன்றாவது மாடியில் தனியாக இருந்துகொண்டு, ஸ்கூல் யூனிபார்ம் தைத்துக் கொடுப்பவள். மிதி மெஷின்தான் வேண்டும் என்று பிடிவாதம், மோட்டார் வைத்தால் துணி கைக்கு அடங்காதாம். நேரம் கழித்துத் தூங்குகிறவளை அண்ணன் தினமும் எழுப்பிக்கொண்டிருந்தார். என்னிடம் வந்து அழுதாள். அவள் போனிலும் நானே அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தேன். யோசனை என்னுடையது, கை என்னுடையது. அவளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

எட்டு மாதம் ஓடியது. எங்கள் உள்ளேனுக்குக் கீழே அண்ணன் தினமும் ஏதாவது எழுதுவார். அதையெல்லாம் உட்கார்ந்து யார் படிப்பது?

போன திங்கட்கிழமை மத்தியானம் தங்கை குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை, நகரவும் முடியவில்லை. போன் முன்னறையில் மெஷின் மேல் இருந்தது. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள், எதிர் வீடு பூட்டிக் கிடந்தது. கைக்கெட்டிய பக்கெட்டில் இருந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு புதன்கிழமை பதினோரு மணி வரை அங்கேயே கிடந்தாள். யூனிபார்ம் வாங்க வந்த ஸ்கூல் கிளார்க் அம்மாதான் உள்ளேயிருந்து முனகல் கேட்டு, கதவை உடைக்க ஆள் கூட்டி வந்தார். இடையில் வந்த இரண்டு காலையிலும் ஆறரைக்கு அவள் போனிலிருந்து ‘உள்ளேன்’ போயிருந்தது.

ஆபரேஷன் முடிந்தது. இவ்வளவு நேரம் தரையில் கிடந்திருக்கக் கூடாது என்றார் டாக்டர். நடந்துவிடுவாளாம், ஆனால் மெஷின் மிதிக்க முடியுமா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாதாம். அவள் பிழைப்பே அந்தக் காலில்தான் இருக்கிறது.

வார்டில் நானும் அவளும் மட்டும் இருந்தபோது கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை.

“திங்கக்கிழமை பயமில்லக்கா. காலையில நான் உள்ளேன் போடலைன்னா ஏழு மணிக்கு அண்ணன் போன் பண்ணுவாரு, எடுக்கலைன்னா நீ வந்துடுவன்னு நெனச்சுக்கிட்டேன். ஆப் வெச்சது மறந்தே போச்சு. ஆறரைக்கு போன் டிங்குனு சத்தம் போட்டப்பதான் ஞாபகம் வந்துச்சு. இனிமே யாரும் வரமாட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சு.”

பிறகு, அண்ணனிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றாள். அவருக்குத் தாங்காதாம்.

சொல்லாமல்தான் இருந்திருப்பேன். நான் அவ்வளவு நல்லவள் ஒன்றும் இல்லை. ஆனால் சாயங்காலம் ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வந்தாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நர்ஸிடம் காட்டுகிறார். பக்கத்துக் கட்டில்காரரிடம் காட்டுகிறார். எலும்பு முறிந்து கிடந்தபோதுகூட என் தங்கை உள்ளேன் போடத் தவறவில்லை, நாங்கள் பதறிவிடக் கூடாது என்று வலியை மறைத்துக்கொண்டு போட்டிருக்கிறாள், இப்படி ஒரு குடும்பத்தை யாராவது பார்த்ததுண்டா என்று கண் கலங்குகிறார். போன் கையில் இருந்தால் உதவி கேட்டிருக்க மாட்டாளா என்று நர்ஸ் கேட்டதற்கு, எங்கள் வீட்டுப் பெண்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாது என்கிறார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? தங்கை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்து வந்தேன். பெஞ்சில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் போடவில்லை, ஆப் போட்டது. வைத்துக் கொடுத்தது நான். என்னுடையதும் அப்படித்தான்.

“உன்னோடதும் நீ போடறது இல்லையா?”

“இல்லண்ணே.”

“எத்தனை நாளா?”

“எட்டு மாசமா.”

கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தட்டும் என்றுதான் இருந்தது. கத்தினால் நானும் நாலு வார்த்தை பதிலுக்குக் கத்திவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பேன். அவர் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குரூப்பில் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனார். நானும் எட்டிப் பார்த்தேன். என் உள்ளேனுக்குக் கீழே, இன்னைக்கு மழை வரும் போல, குடை எடுத்துக்கோ. தங்கையின் உள்ளேனுக்குக் கீழே, ராத்திரி ரொம்ப நேரம் தைக்காதே, கண்ணு போயிடும். இன்னொரு நாள், அண்ணி போய் இன்னையோட ஆறு வருஷம்மா, மனசு சரியில்லை. அதற்கடுத்த நாள் அதன் கீழே எங்கள் இருவரின் உள்ளேன், சரியாக ஆறரைக்கு.

தள்ளுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அப்ப இத்தனை நாளா காலையில நான் யார்கிட்டம்மா பேசிட்டு இருந்தேன்?”