உறைபனியில் பத்து எட்டு

புல்தரைக்கு அக்டோபரில் கடைசி வெட்டு. நவம்பர் முழுக்க ஓக் இலைகளை வாரி அள்ள வேண்டும். நீர் இறங்க இரும்பு முட்களால் தரையைக் குத்தித் துளை போட வேண்டும். பாசிக்கு மருந்து அடிக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரே வேலைதான்: உறைபனி விழுந்த காலையில் யாரையும் கால் வைக்க விடக்கூடாது. உறைந்த புல்லை மிதித்தால் அந்த இடம் கருகி, வசந்தம் வரை காலடி அப்படியே நிற்கும். டார்பிஷயரில் எங்கள் தெருவில் இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இதற்காக வீட்டில் என்னளவுக்குக் கத்தியவன் கிடையாது.

என் மனைவி ஹில்டாவுக்குக் கோடையில் இடுப்பில் அறுவை நடந்தது. விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். தோட்டத்துக் கோடியில், கொட்டகைக்குப் பின்னால், ராபின் குருவிக்குத் தினமும் கொழுப்புத் துண்டு வைக்காவிட்டால் அவளுக்குப் பொழுது விடியாது.

"கல் பாதை வழுக்குது சிரில். புல்லு மேல போனா பத்து எட்டுதான்."

"பனி கரையட்டும், அப்புறம் போ. அதுக்குள்ள குருவி செத்துடாது."

"என்னைவிட உனக்குப் புல்லுதான் பெருசு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆமாம் என்றேன், நான் ஒரு மடையன். புல்லில் பாசியைத் தேடித் தேடிக் கொன்ற எனக்கு, வேலியோரமாகப் போகிற அந்தக் கல் பாதையில் படிந்திருந்த பாசி கண்ணில் படவே இல்லை.

ஜனவரியில் ஒருநாள் காலை, முகம் மழித்துவிட்டுக் கீழே வந்தேன். சமையலறையில் அவள் இல்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். புல்தரை முழுக்க வெள்ளை, ஒரு காலடி இல்லை. அப்படியானால் தோட்டத்துக்குப் போகவில்லை, பக்கத்து வீட்டு எட்னாவோடு பேசிக்கொண்டிருப்பாள் என்று முடிவு கட்டினேன். புல்தரையைப் பார்க்கப் பெருமையாகக்கூட இருந்தது. தேநீர் போட்டுக் குடித்தேன். பேப்பரில் குறுக்கெழுத்தை முடித்தேன்.

பத்து மணிக்கு மேல் எட்னா ஒரு ஜாடி ஆரஞ்சு மார்மலேடோடு வந்தாள். ஹில்டா எங்கே என்று கேட்டாள்.

"உன் வீட்லதானே இருக்கா?"

"இன்னிக்கு வரவே இல்லையே" என்றாள் எட்னா.

புல்லின் குறுக்கே ஓடினேன். கொட்டகைக்குப் பின்னால், கல் பாதை திரும்புகிற இடத்தில் ஒருக்களித்துக் கிடந்தாள். உதடு நீலமாகியிருந்தது. கிண்ணம் கவிழ்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும், பள்ளிக்கூடத்தில் பதில் சொல்கிற பிள்ளை மாதிரிச் சொன்னாள்:

"புல்லை மிதிக்கல சிரில். கல்லு மேலதான் வந்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆம்புலன்ஸ்காரர்கள் தோட்டக் கோடியிலிருந்த பின்வாசல் வழியாகத் தூக்கிப்போனார்கள். நுரையீரலில் சளி கட்டி, நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள்.

புல்லில் என் காலடிகள் மட்டும் கருகி நிற்கின்றன. எண்ணிப் பார்த்தேன், ஏழுதான். மார்ச்சில் கொஞ்சம் விதை தூவினால் மூடிவிடும் என்று எட்னா ஆறுதலாகச் சொன்னாள். நான் தலையாட்டி வைத்தேன்.

உறைபனி விழுகிற ஒவ்வொரு காலையும் குருவிக்குக் கொழுப்பு எடுத்துக்கொண்டு போகிறேன். அதே ஏழு தடத்தில், அழுத்தி மிதித்து.