முதுகு பார்க்க ஓர் ஆள்

இன்றைக்கு உங்கள் முதுகை யாராவது பார்த்தார்களா?

என் முதுகைத் தினமும் ஒருவர் பார்ப்பார். ஊசி மருந்து நிரப்பும் அறையில் என்னோடு வேலை செய்யும் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை, கூப்பிட்டுப் பழகிவிட்டது.

அந்த அறைக்குள் எங்கள் கண்ணைத் தவிர எதுவும் வெளியே தெரியக் கூடாது. தலையுறைக்குப் பின்னால் ஒரு முடி நீட்டிக்கொண்டிருந்தாலும் மருந்து கெட்டது. அதனால் உடை மாற்றும் அறையில் ஒருவர் திரும்பி நிற்க, மற்றவர் சரிபார்ப்பார். "ம், திரும்பு" என்று சொல்லி, பிடரியில் இருக்கும் பட்டனை அண்ணன் அழுத்திவிடுவார். ஊரைவிட்டு வந்த எனக்கு, நாள் முழுக்க மேலே படுகிற ஒரே கை அதுதான்.

ஆட்குறைப்பு என்றார்கள். மேற்பார்வையாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"இனிமே அந்த ரூமுக்கு ஒரு ஆள் போதும். யார் வேலையை விட்டுப் போறதுன்னு நீங்களே பேசி, நாளைக்குக் காலையில சொல்லுங்க."

"அப்ப முதுகை யார் சார் பார்க்கிறது?" என்றார் அண்ணன்.

"எதிரெதிரே ரெண்டு கண்ணாடி மாட்டிடுவோம்."

உடை மாற்றும்போது அண்ணன், "உனக்கென்னப்பா, ஒண்டிக்கட்டை. எங்க போனாலும் பிழைச்சுக்குவ" என்றார்.

"ஒண்டிக்கட்டைக்கு வயிறு கிடையாதாண்ணே?"

அவருக்கு மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். எனக்கு வேலை போனால் கம்பெனி கொடுத்த அறையும் போகும்.

உள்ளே புட்டிகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. அங்கே கை முகத்துக்குப் போகக் கூடாது. அண்ணனின் கண் நிறைந்து வழிந்தது, துடைக்காமல் நின்றார். முகமூடி நனைந்தால் வெளியே வந்து மாற்றியாக வேண்டும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு நானும் கூடவே வந்தேன். முதுகு பார்க்க ஆள் வேண்டுமே.

"வாய் தவறிச் சொல்லிட்டேன்டா தம்பி."

"விடுங்கண்ணே. நான் போறேன்னும் சொல்ல மாட்டேன், நீங்க போங்கன்னும் சொல்ல மாட்டேன். அந்த சூப்பர்வைசரே சொல்லித் தொலையட்டும்."

"அதுவும் சரிதான். நம்ம வாயால எதுக்கு?"

சம்பளம் அதிகம் வாங்குகிற மூத்தவரைத்தான் முதலில் அனுப்புவார்கள் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

"திரும்புங்கண்ணே" என்றேன். பட்டனை அழுத்திவிட்டேன்.

மறுநாள் காலை அண்ணனை அனுப்பிவிட்டார்கள். சுவரில் எதிரெதிரே இரண்டு கண்ணாடிகள் மாட்டியிருந்தன. என் முதுகை நானே பார்த்துக்கொண்டு உள்ளே போனேன்.