சுஹைல் சாய்ந்து நின்ற சுவர்

சுஹைல் வீட்டை விட்டுப் போன மாதமே, அவன் சாய்ந்து நிற்கும் சுவரில் ஒரு வெட்டுக்காயம் வந்து ரத்தம் வடிந்தது. செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் இருக்கிற வீடு; கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே உள்ள சுவர். போனைப் பார்த்துக்கொண்டு எப்போதும் அதில்தான் சாய்ந்திருப்பான். தலை பட்ட இடத்தில் எண்ணெய்க்கறை வட்டமாகப் பதிந்திருந்தது. அந்தக் கறைக்குக் கீழே, கையைத் தொங்கவிட்டால் விரல் எங்கே வருமோ அங்கே காயம். பெற்றவளுக்கு அளவுநாடாவா வேண்டும்? ஆள்காட்டி விரல் என்று நசீமா பார்த்தவுடனே சொல்லிவிட்டாள். அவள் கணவர் அப்துல் பாய் எட்டிப் பார்த்து, "ஓதம், ஈரம் ஏறியிருக்கு" என்று சொல்லிவிட்டு வேங்கிக்காலில் இருக்கும் தன் கிரில் பட்டறைக்குக் கிளம்பினார்.

மகனை வேலையாட்கள் முன்னால் கன்னத்தில் அறைந்தவர் அவர்தான். பெரிய காரணமொன்றும் இல்லை, அவன் வெட்டிய ஒரு இரும்பு கேட்டுக்கு அளவு தப்பிப்போயிற்று. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் சோற்றைத் தொடவில்லை. போனை டிவிமேல் வைத்துவிட்டு வாசலில் செருப்பு மாட்டினான். அந்தச் சத்தம் நசீமாவுக்கு நன்றாகக் கேட்டது. அடுப்பில் பால் இருந்தது, பொங்கிவிடுமே என்று வெளியே வராமல் நின்றாள். அதற்குப் பிறகு அவளுக்கு அழுகை வரவில்லை, பசியும் சரியாகத் தெரியவில்லை. கை பாட்டுக்குக் கை வேலை செய்தது, அவ்வளவுதான்.

காயத்தில் முதலில் காப்பித்தூளை அப்பினாள். ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ரத்தம் நின்றது, ஆனால் வாரம் முடிவதற்குள் சுவர் வீங்கிச் சீழ் கட்டி அனலாய்க் கொதித்தது. பக்கத்து ஷெல்பில் வைத்த பால் திரிந்துபோனது. அப்துல் பாய் கொத்தனாரை வைத்து சிமெண்ட் பூசிப் பார்த்தார். பூச்சு காய்வதற்குள் பொத்தென்று விழுந்தது. கடைசியில் பக்கத்து வீட்டு கீர்த்தனா, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவள், டியூட்டி முடிந்து வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"காப்பித்தூளு, மஞ்சத்தூளு, பேஸ்டு, ஒண்ணும் வெக்காதீங்கக்கா. ரத்தம் வந்தா சுத்தமான துணிய வெச்சு அழுத்திப் புடிங்க. நின்னுச்சான்னு எடுத்து எடுத்துப் பாக்கக் கூடாது. நின்னப்புறம் ஓடற தண்ணில கழுவிட்டு மூடுங்க. இதுக்கு ஜாஸ்தி வேலை இல்ல."

சீழை வெளியேற்றிக் கட்டுப் போட்டுவிட்டு, தகரம் கிழித்த மாதிரி இருக்கிறது, டிடி ஊசியும் போட்டுவிடலாம் என்றாள். "சுவத்துக்கு எங்கம்மா ஊசி போடுவே?" என்று கேட்டார் அப்துல் பாய். எண்ணெய்க்கறையிலிருந்து தோள் எங்கே வரும் என்று கணக்குப் பார்த்து அங்கேயே போட்டாள். ஊசி வழுக்கிக்கொண்டு இறங்கியது. மறுநாள் சுவருக்குக் காய்ச்சல் விட்டிருந்தது.

அதன் பிறகு வந்ததையெல்லாம் நசீமாவே பார்த்துக்கொண்டாள். முன்கை உயரத்தில் எண்ணெய் தெறித்த கொப்புளங்கள் வந்தன. ஏதோ ஓட்டலில் அடுப்படி வேலை கிடைத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டாள். குழாயில் ட்யூபை மாட்டி, வீடெல்லாம் தண்ணீர் தேங்கும்வரை பச்சைத்தண்ணீரை ஓடவிட்டாள், கொப்புளத்தை உடைக்கவில்லை. குதிகால் பக்கம் தோல் உரிந்தபோது புது ஷூ வாங்கியிருக்கிறான் என்றாள். வெள்ளிக்கிழமை காலையில் தாடை உயரத்தில் சவரக் கீறல் வந்தால், ஜும்மாவுக்குப் போகிறான் என்று அர்த்தம். கடிதம் போடுகிற பிள்ளைகூட இவ்வளவு சொல்லமாட்டான். விஷயம் பரவி, பௌர்ணமிக்கு மலையைச் சுற்ற வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் சுவர் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். ஒரு அம்மாள் விபூதியைப் பூச வந்தாள். "காயத்துல பொடி கிடி போடாதீங்க, காத்து வர்ற மாரி தள்ளி நில்லுங்க" என்று நசீமா எல்லோரையும் வெளியே அனுப்பினாள். பக்கத்துக் கடைக்காரர் மட்டும் நாலு நாள் நல்லா டீ விற்றார்.

பிறகு ஒரு மழைக்காலத்தோடு காயங்கள் நின்றுபோயின. ரம்ஜான் வந்தது, பக்ரீத் வந்தது, கார்த்திகை தீபத்துக்கு ஊர் கொள்ளாமல் கூட்டம் வந்துபோனது; மறு வருஷமும் அப்படியே போயிற்று. சுவர் வழவழவென்று இருந்தது. நல்லதுதானே, பையன் சூதானமா இருக்கான் என்றார்கள் தெருவில். சவரம் பண்ணாத ஆண்பிள்ளை உண்டா, ஒரு கீறலாவது வராதா என்று நசீமா நினைத்தாள். செத்தவனுக்குக் காயம் வராது. தொழுகையில் கையேந்தி, சின்னதா ஒரு வெட்டாவது குடு என்று கேட்டாள். பெற்றவள் கேட்கிற துஆவா இது என்று தோன்றியும் தினம் கேட்டாள். அப்துல் பாய் பட்டறையிலிருந்து வந்ததும் டிவியைப் பார்க்கிற சாக்கில் சுவரைப் பார்ப்பார்.

இந்த வருஷம் மாசி மாதம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சுவரில் ஏழு சிராய்ப்புகள் ஒரேயடியாக வந்தன. சுஹைலின் முட்டி உயரத்தில் ஒன்று, உள்ளங்கையில் ஒன்று, மண்ணோடு. நசீமா தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடினாள். மற்றவை தள்ளி இருந்தன, அவனுக்குப் பக்கத்தில் யாரோ கையைப் பிடித்து நிற்கிற இடத்தில். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரண்டு முட்டிகள். அதற்கு மேலே இரண்டு உள்ளங்கைகள். நசீமாவின் கட்டைவிரலை வைத்தால் ஒன்று மறைந்துவிடும். அதற்கும் மேலே தாடையில் ஒரு கீறல். ஓடிவந்து குப்புற விழுந்திருக்கிறது. பிடிக்கப் பாய்ந்தவனும் விழுந்திருக்கிறான்.

நசீமா தரையில் உட்கார்ந்தாள். கழுவ ஆரம்பித்ததும் அழுகை வந்தது, நிறுத்த முடியவில்லை, நிறுத்தவும் இல்லை. ஒரு கையால் சின்ன முட்டியில் ஒட்டியிருந்த மண்ணை அலம்பினாள். வீட்டில் இருந்த பிளாஸ்டரை எடுத்து வைத்துப் பார்த்தால், அது முழங்காலையே மூடுகிற அளவுக்கு இருந்தது.

சாப்பிட வந்த அப்துல் பாய் எல்லாவற்றையும் நின்று பார்த்தார். கழற்றிய செருப்பை மாட்டாமல் மெடிக்கலுக்குப் போனார். அங்கே அவர் சொன்னது அவர் திரும்புவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது: "பேரப்புள்ளைக்கு. சின்னதா குடு." வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, முட்டி சொடுக்க நசீமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஈரம் தொடச்சியா? ஈரத்துல ஒட்டாது."

"தொடச்சிட்டேங்க."

ஒவ்வொன்றாக அவரே ஒட்டினார். தாடைக்கு வந்தபோது, "எரியுதா கண்ணு?" என்று சுவரிடம் கேட்டார். அந்த மாதத்திலிருந்து அந்த வீட்டில் பிளாஸ்டர் இரண்டு சைஸில் வாங்குகிறார்கள்.