மிதிக்காத பெடல்

சோபா உறை தைக்கும் கடையில் வேலை பார்த்த அவளுக்கு, அக்கா புருஷன்மேல் எட்டு மாதமாக வன்மம் இருந்தது.

அத்தானுக்குப் போர் விமான சிமுலேட்டர் என்றால் பைத்தியம். அதற்கென்றே தனி அறை, மூன்று திரை, கையில் ஸ்டிக், காலடியில் பெடல். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது அவளையும் அதில் உட்கார வைத்தார். எதையும் சொல்லித்தரவில்லை. அவள் தட்டுத்தடுமாறி மேலேறி, ஸ்டிக்கை ஒரு பக்கம் தள்ள, விமானம் கிறுகிறுவென்று சுழன்று தரையில் மோதியது. பயத்தில் அவள் அலறியதைப் பின்னாலிருந்து படம்பிடித்து, 'பம்பரம்' என்று தலைப்பு வைத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். சித்தப்பாவிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் வரை அதுவே அவள் பெயராகிவிட்டது.

அதை எடுத்துவிடும்படி கேட்டாள். அத்தான் சிரித்தார்.

"விளையாட்டுக்குப் போட்டதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறியே. தைக்கிற காலுக்கு இதெல்லாம் வருமா?"

வீடியோவைவிட அந்தக் கேள்விதான் ஆறவில்லை.

கடையில் துணி வெட்டும் மாஸ்டரிடம் பழைய ஸ்டிக்கும் பெடலும் இருந்தன. இரவல் வாங்கி வீட்டுக் கணினியில் மாட்டினாள். தினமும் வேலைக்குக் கிளம்புமுன் இரண்டு மணிநேரம் பழகினாள். முதல் மாதம் முழுக்க விழுந்தாள். விழுந்து விழுந்தே விஷயம் பிடிபட்டது. வேகம் இருக்கும்வரை, ஸ்டிக்கைச் சாய்த்தால் இறக்கையிலுள்ள எய்லரான் சொன்னபடி கேட்கும். வேகம் செத்து மூக்கு தூக்கி நிற்கும்போது அதுவே காலை வாரிவிடும். எந்த இறக்கையைத் தூக்கப் பார்க்கிறோமோ, அதுவே பிடிப்பிழந்து கவிழும். அந்த நேரத்தில் ஸ்டிக்கைச் சாய்க்காமல், பெடலை மிதித்து வாலிலுள்ள ரடரால்தான் இறக்கையை நிமிர்த்த வேண்டும்.

பிறகு அத்தான் பெருமையாகப் போட்டிருந்த வெற்றி வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் விமானம் தரையை விட்டு எழும்பியதும் அவர் நாற்காலியில் சம்மணம் போட்டுக்கொண்டார். வேகத்தாலேயே ஜெயித்து வந்தவருக்குக் கால் தேவைப்பட்டதே இல்லை.

சிமுலேட்டர் சங்கத்தின் போட்டி நூலகக் கட்டிடத்தில் நடந்தது. அவளும் பெயர் கொடுத்திருந்தாள்; ஒவ்வொரு ஜோடிக்கும் மூன்று ஆட்டம். எதிர் நாற்காலியில் அவளைக் கண்டதும் அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். முன்வரிசையில் அக்காவும் சிரித்தாள்.

முதல் ஆட்டத்தில் அத்தான் உயரத்திலிருந்து பாய்ந்து அவள் விமானத்தின் வாலைப் பிடித்தார். அவள் ஓடவில்லை. எஞ்சினைத் தணித்து, மூக்கைத் தூக்கி, இடமும் வலமுமாக நெளிந்தாள். அவளைத் தாண்டி முன்னால் போனால் அவளுடைய துப்பாக்கிக் குறிக்குள் விழவேண்டிவரும் என்று அவரும் வேகத்தைக் குறைத்தார். இரண்டு விமானங்களும் குறுக்கும் மறுக்குமாக ஊர்ந்தன. அவளுடைய இடது இறக்கை தொய்ந்தது. வலது பெடலை மெல்ல மிதித்தாள். நிமிர்ந்தது. அடுத்த திருப்பத்தில் அவருடைய இடது இறக்கை தொய்ந்தது. பழக்கதோஷத்தில் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினார். விமானம் புரண்டு, சுழன்றபடி கீழே போனது. சுட்டிருக்கலாம், அவள் சுடவில்லை. அவர் தன் கையாலேயே விழ வேண்டும் என்பதுதான் அவள் விருப்பம்.

ஸ்டிக்கில் கோளாறு என்றார். மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டாவது ஆட்டத்திலும் அதேபோல் விழுந்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"கோளாறு ஸ்டிக்ல இல்ல அத்தான்," என்றாள் அவள் நிதானமாக. "காலக் கீழ வைங்க."

அவர் காது சிவந்தது. அக்கா ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தாள்.

"போதும்டி. எல்லாரும் பாக்கறாங்க."

"அன்னிக்கும் எல்லாரும்தான் பாத்தாங்க. நீயும் சிரிச்சே."

அக்கா கையை எடுத்துக்கொண்டாள்.

மூன்றாவது ஆட்டத்தில் அத்தான் காலைக் கீழே வைத்தார். ஆனால் எந்தப் பெடலை எப்போது மிதிப்பது என்று தெரியாமல் இன்னும் சீக்கிரமாக விழுந்தார். கை கொடுக்காமல் எழுந்து போனார்.

அன்று மாலையே குடும்பக் குழுவிலிருந்து விலகிவிட்டார். அக்கா இரண்டு மாதமாகப் பேசவில்லை. அவளும் கூப்பிடவில்லை. கொஞ்சமாவது வருத்தப்பட வேண்டுமோ என்று ஒருநாள் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தாள். வருத்தம் வரவில்லை.