ஒரே பாட்டில்

டாக்டர் மேஜையின் மேல் இரண்டு கைகளையும் அகலமாக விரித்து வைத்துக் காட்டினார்.

"ஒண்ணு பெருங்குடல் ஆரம்பிக்கிற இடத்துல இருந்துச்சு. இன்னொண்ணு கடைசியில, ஆசனவாய்க்குப் பக்கத்துல. கேமரா குழாய் விட்டு எடுத்த ரெண்டும் மிளகு அளவுகூட இல்லாத கட்டி. அதுல ஒண்ணுல புற்றுநோய் இருக்குன்னு லேப்ல சொல்றாங்க."

"எதுல?" என்றாள் அக்கா.

"அதான் தெரியல. ரெண்டும் ஒரே பாட்டில்ல போயிருக்கு."

அக்கா சரக்கு வேன் ஓட்டுகிறவள்.

"விலாசம் ஒட்டாத பெட்டிய நான் வண்டியில ஏத்தவே மாட்டேன் டாக்டர். கண்ணாடி டம்ளர் இருந்தாலும் சரி, பழைய செருப்பு இருந்தாலும் சரி. என் குடலுக்கு அந்த மரியாதகூட இல்லையா?"

"இவ்வளவு சின்ன கட்டியில பெரும்பாலும் ஒண்ணும் இருக்காதும்மா. சில ஊர்கள்ல லேபுக்கே அனுப்பாம தூக்கிப் போட்டுடறாங்க. வீண் செலவுன்னு. அதுவும் தப்பில்ல. ஒவ்வொரு பாட்டிலுக்கும் தனிக் கட்டணம். அதனால வெளியில இருந்தவங்ககிட்ட கேட்டுட்டுத்தான்..." அவர் பார்வை அக்காவின் கணவரான மாமாவின் பக்கம் போனது.

மாமா மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அக்காவுக்கு என்னைவிடச் சீக்கிரம் புரிந்திருந்தது.

"என்ன கேட்டாங்க? நீங்க என்ன சொன்னீங்க?"

"நீ மயக்கத்துல இருந்தே. நர்ஸ் கதவத் திறந்து, ரெண்டு பாட்டிலா ஒண்ணான்னு கேட்டுச்சு. நான் சும்மா விளையாட்டா..."

"என்ன சொன்னீங்க?"

"ஒரே வயித்துல இருந்து வந்ததுதானே, ஒண்ணா இருந்தா சண்டையா போட்டுக்கப் போகுதுன்னேன்." மாமாவின் குரல் தேய்ந்தது. "அந்தப் பொண்ணுகூட சிரிச்சுச்சு."

அக்கா சிரிக்கவில்லை.

டாக்டர் அவசரமாக மேலே பேசினார். முதல் இடம் என்றால் அந்தப் பக்கத்துக் குடலை வெட்டி, மிச்சத்தை இணைத்துவிடலாம். கடைசி இடம் என்றால் அறுவை பெரியது. வயிற்றில் மலம் சேரும் பை மாட்டிக்கொண்டு வாழ வேண்டியும் வரலாம். இரண்டு பக்கமும் வெட்டலாமா என்று நான் கேட்டேன். அந்த அறுவையின் ஆபத்து, நோய் மிச்சமிருக்கும் ஆபத்தைவிடப் பெரியது என்றார்.

"அப்போ எதையும் வெட்டாதீங்க," என்றாள் அக்கா. "முதல்ல திரும்ப உள்ள பாருங்க. மயக்க ஊசி வேண்டாம். வலிச்சா நான் கத்திக்கறேன். வெளியில யாரையும் எதையும் கேக்கக் கூடாது. கேக்கணும்னா என்கிட்ட கேளுங்க."

"ரொம்ப வலிக்கும்மா."

"கேட்டேனா?"

அவள் சொன்னபடியே நடந்தது. என்னை மட்டும் பக்கத்தில் நிற்கவிட்டார்கள். திரையில் ஈரமான இளஞ்சிவப்புச் சுரங்கம் ஒன்று வளைந்து வளைந்து போனது. ஒவ்வொரு வளைவிலும் அக்கா என் மணிக்கட்டை முறுக்கினாள். வாயிலிருந்து வந்த வசவுகளை நர்ஸ் கேட்காததுபோல் இருந்தாள். கடைசி வளைவில், பெருங்குடல் ஆரம்பிக்கும் இடத்தில், வெள்ளையாக ஒரு தழும்பு, நட்சத்திரம்போல. வெளியே வரும் வழியில், ஆசனவாய்க்குப் பக்கத்தில், இன்னொன்று. இரண்டும் சுத்தமாகத்தான் தெரிந்தன. இரண்டு இடத்திலும் சோதனைக்காகச் சதையைக் கிள்ளி எடுத்தார்கள்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. இரண்டிலும் எதுவுமில்லை. ஸ்கேனிலும் எதுவுமில்லை.

"வெட்டாம கவனிச்சுக்கிட்டே வரலாம்," என்றார் டாக்டர். "ஆனா கண்ணுக்குத் தெரியாம வெளியே பரவியிருக்க கொஞ்சம் வாய்ப்பு இருக்கு. இல்லன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. எந்த இடம்னு தெரிஞ்சிருந்தா அத மட்டும் வெட்டியிருப்போம், இந்தச் சந்தேகமே வந்திருக்காது."

"கவனிப்போம்," என்றாள் அக்கா. "மூணு மாசத்துக்கு ஒருதடவையா? வரேன்."

திரும்பும்போது அக்காதான் வேனை ஓட்டினாள். பக்கத்தில் மாமா, ஓரத்தில் நான். சாலை நெரிசலாக இருந்தது. மாமாவின் முகத்தில் பல நாட்களுக்குப் பிறகு ரத்தம் ஓடியது.

"நான் அப்பவே நினைச்சேன், உனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னு. பாரு, ஒரே பாட்டில்னு நான் சொன்னதால இப்ப என்ன குடியா முழுகிப்போச்சு?"

அக்கா கண்ணாடியைப் பார்த்தாள், விளக்கைப் போட்டாள், வண்டியை ஓரங்கட்டினாள்.

"இறங்குங்க."

"என்னது?"

"உங்களுக்கு முடிஞ்சுபோச்சு. எனக்கு மூணு மாசத்துக்கு ஒருதடவை இப்பத்தான் ஆரம்பிக்குது. இறங்குங்க."

"வீடு ரொம்ப தூரம்டி."

"தெரியும். நான்தானே ஓட்டுறேன்."

மாமாவுக்கு வழிவிட நான் கீழே இறங்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் மறுபடி ஏறிக் கதவைச் சாத்தினேன். அக்கா கண்ணாடியைப் பார்த்து, விளக்கைப் போட்டு, வண்டியை மறுபடி நெரிசலுக்குள் எடுத்தாள்.